சிட்ரிக் அமிலம்: புளிப்பைத் தாண்டி அது செய்யும் வேலைகள்

பழரசப் புட்டி, ஜாம், புளிப்பு மிட்டாய், தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரை, சமையல் எண்ணெய், ஷாம்பு, முகத்தில் பூசும் கிரீம். இவற்றின் மூலப்பொருள் பட்டியலைப் படித்துக்கொண்டே போனால், பெரும்பாலும் கடைசி வரிக்குப் பக்கத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும்: சிட்ரிக் அமிலம். உணவுப் பொட்டலங்களில் பெயருக்குப் பதிலாக ஐ.என்.எஸ். 330 என்றோ இ330 என்றோ உணவுச் சேர்க்கைகளுக்கான குறியீட்டு எண் மட்டும் இருப்பதும் உண்டு. எதற்கு இது என்று கேட்டால் புளிப்புக்காக என்பார்கள். பழரசத்துக்கும் மிட்டாய்க்கும் அந்தப் பதில் போதும். ஆனால் சமையல் எண்ணெயில் யாரும் புளிப்பைத் தேடுவதில்லை. ஷாம்புவை யாரும் நாக்கில் வைத்துப் பார்ப்பதும் இல்லை. அங்கெல்லாம் இதற்கு என்ன வேலை?

புளிப்பு இதன் ஒரு குணம்தான். தொழிற்சாலைகள் இதை டன் கணக்கில் வாங்குவதற்கு இன்னும் இரண்டு குணங்கள் காரணம். ஒரு கரைசலின் அமிலத்தன்மையை வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து எளிதில் நகரவிடாமல் நிறுத்தி வைப்பது முதலாவது. கால்சியம், இரும்பு, செம்பு போன்ற உலோக அயனிகளை, அதாவது மின்சுமை ஏறிய உலோக அணுக்களை, கவ்விப் பிடித்து அவற்றின் சேட்டையை அடக்குவது இரண்டாவது. என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது குணம்தான் சிட்ரிக் அமிலத்தின் உண்மையான பெருமை. பட்டியலில் அதன் பெயரைப் பார்க்கும்போது நாக்கை மறந்துவிட்டு உலோகங்களை நினைத்துக்கொண்டால் பல முடிச்சுகள் தாமாகவே அவிழும்.

மூலக்கூறின் அமைப்பு

ஒரு சிட்ரிக் அமில மூலக்கூறில் 6 கார்பன், 8 ஹைட்ரஜன், 7 ஆக்சிஜன் அணுக்கள் உண்டு. கவனிக்க வேண்டியவை அதிலுள்ள, அமிலக் குணத்தைத் தரும் அணுக்கூட்டங்களான மூன்று கார்பாக்சில் தொகுதிகளும், நடுக் கார்பனில் ஒட்டியிருக்கும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியும். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்துக்கு ஒரே ஒரு கார்பாக்சில்தான். ஒவ்வொரு கார்பாக்சிலும் ஒரு ஹைட்ரஜன் அயனியை விட்டுக்கொடுக்கும். ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் விடுவதில்லை. அமிலத்தன்மையை அளக்கும் எண்ணுக்குப் பி.எச். என்று பெயர். 7 நடுநிலை, அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலத்தன்மை கூடும். பி.எச். 3.1-ஐ ஒட்டி முதலாவது, 4.8-ஐ ஒட்டி இரண்டாவது, 6.4-ஐ ஒட்டி மூன்றாவது. இப்படிப் படிப்படியாக விடுவதால் பி.எச். 2.5 முதல் 7 வரை எந்த இடத்திலும் இது தாங்கல் கரைசலாக நிற்கும். கொஞ்சம் அமிலமோ காரமோ கூடக்குறைய விழுந்தாலும் பி.எச். சட்டென்று தாவாது. நம் உணவுக்கும் தோலுக்கும் தேவைப்படும் பி.எச். அளவுகள் ஏறக்குறைய எல்லாமே இந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன.

ஹைட்ரஜன் அயனிகளை விட்ட பிறகு மிஞ்சுவது சிட்ரேட். எதிர்மின்சுமை கொண்ட அதன் முனைகள், நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோல, ஒரு கால்சியம் அயனியையோ இரும்பு அயனியையோ ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்களிலிருந்து பிடித்துக்கொள்ளும். உலோகம் எங்கும் போய்விடவில்லை, கரைசலிலேயேதான் இருக்கிறது. வேறு எதனோடும் சேர்ந்து வினைபுரிய அதற்கு வழி இல்லை, அவ்வளவுதான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மிகவும் புளித்த கரைசலில் அந்த முனைகளை ஹைட்ரஜனே அடைத்துக்கொண்டிருக்கும், ஆகவே பிடி தளர்வாக இருக்கும். பி.எச். ஏற ஏறப் பிடி இறுகும். அமிலத்தை அப்படியே போடாமல் சோடியம் சிட்ரேட்டாகப் போடும் இடங்கள் பல இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பிடி எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உலகம் கண்டது சமையலறையில் அல்ல, அறுவை அரங்கில். இரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும். அதனால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, கொடுப்பவரையும் பெறுபவரையும் பக்கத்துப் பக்கத்தில் படுக்கவைத்துத்தான் இரத்தம் ஏற்ற முடிந்தது. 1914-இல் பெல்ஜியத்தில் ஆல்பர்ட் ஹஸ்டினும் அர்ஜென்டினாவில் லூயிஸ் அகோட்டேயும் சோடியம் சிட்ரேட் கலந்த இரத்தத்தைச் செலுத்திக் காட்டினார்கள். 1915-இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் லூயிசோன், 0.2 சதவீதம் சிட்ரேட் இருந்தாலே இரத்தம் உறையாது, நோயாளிக்கும் கெடுதல் இல்லை என்று அளவை உறுதிசெய்தார். இரத்தத்தைப் புட்டியில் எடுத்து வைக்கலாம், தூக்கிக்கொண்டு போகலாம் என்ற நிலை அதற்குப் பிறகு வந்ததுதான். ஷாம்புவில் நடப்பதும் அடிப்படையில் இதே வேதியியல். கால்சியத்தைப் பிடித்து வைப்பது, அவ்வளவே.

எலுமிச்சையிலிருந்து பூஞ்சைக்கு

ஸ்வீடனின் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1784-இல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அவர் கையாண்ட வழி எளிமையானது, அழகானதும்கூட. சூடான சாற்றில் சுண்ணாம்புத் தூளைப் போட்டால் நுரை பொங்கும். பொங்கி அடங்கியதும் கால்சியம் சிட்ரேட் வெள்ளை வண்டலாக அடியில் படியும். சாற்றில் உள்ள சர்க்கரையும் மற்றவையும் மேலே நீரில் நின்றுவிடும். வண்டலை வடித்துக் கழுவி, கந்தக அமிலம் சேர்த்தால் கால்சியம் ஜிப்சமாகப் பிரிந்து விழும், சிட்ரிக் அமிலம் நீரில் தங்கும். நீரை வற்றவைத்தால் படிகம்.

இதே முறையைத்தான் 19-ஆம் நூற்றாண்டின் தொழிற்சாலைகளும் பின்பற்றின. இங்கிலாந்தில் 1826 வாக்கில் வணிக உற்பத்தி தொடங்கியது. எலுமிச்சை விளையும் இடம் இத்தாலி, அதிலும் குறிப்பாகச் சிசிலித் தீவு. சாற்றைக் கப்பலேற்றுவதைவிடக் கால்சியம் சிட்ரேட்டாக மாற்றி ஏற்றுவது எளிது. ஆகவே உலகின் சிட்ரிக் அமிலம் ஏறக்குறைய முழுவதும் இத்தாலியின் கையில் இருந்தது. ஒரே இடத்தை நம்பியிருக்கும் எந்தத் தொழிலுக்கும் நேர்வதுதான் இதற்கும் நேர்ந்தது. விலை ஏறினால் மற்றவர்கள் மாற்றுவழி தேடுவார்கள், போர் வந்தால் தேடியே ஆகவேண்டும்.

மாற்றுவழி பூஞ்சையில் இருந்தது. சில பூஞ்சைகள் சர்க்கரையைத் தின்று சிட்ரிக் அமிலத்தைச் சுரக்கின்றன என்று 1893-இல் ஜெர்மனியின் கார்ல் வேமர் கண்டுபிடித்தார். அதைத் தொழிலாக்க எடுத்த முயற்சி தேறவில்லை. வேறு நுண்ணுயிர்கள் புகுந்து சரக்கைக் கெடுத்தன, நேரமும் அதிகம் பிடித்தது. 1917-இல் அமெரிக்க உணவு வேதியியலாளர் ஜேம்ஸ் கரி வேறொரு பூஞ்சையைப் பற்றி எழுதினார். பெயர் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர். வெங்காயத்தின் தோலில் கரும்பொடியாகப் படியுமே, அந்தக் கறுப்புப் பூஞ்சைதான். இது மற்ற நுண்ணுயிர்கள் தாக்குப்பிடிக்க முடியாத அளவுக்குப் புளித்த கரைசலிலும் செழித்து வளரும் என்பதே கரியின் பெரிய கண்டுபிடிப்பு. வேமரைத் தோற்கடித்த சிக்கல் அங்கேயே தீர்ந்துவிட்டது. 1919-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஃபைசர் நிறுவனம் இந்த முறையில் உற்பத்தியைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் எலுமிச்சை ஆட்டத்திலிருந்தே விலகிவிட்டது.

இந்தப் பூஞ்சையின் விசித்திரம் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. சர்க்கரை தாராளமாக இருக்கவேண்டும், காற்று இடைவிடாமல் ஊதவேண்டும், பி.எச். மிகக் கீழே இருக்கவேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டு, மாங்கனீசு மட்டும் சிறிது கூடுதலாகக் கலந்துவிட்டால் காரியம் கெட்டது. பூஞ்சை நன்றாகக் கொழுக்கும், அமிலம் மட்டும் வராது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவு மாங்கனீசே இந்த வித்தியாசத்தைக் காட்டப் போதும். உலோகங்களைக் கட்டிப்போடுவதற்காக நாம் வாங்கும் பொருளைத் தயாரிக்கவே முதலில் உலோகத்தை அகற்றவேண்டியிருக்கிறது.

அகலமான தட்டுகளில் மேற்பரப்பில் படரவிட்டு வளர்ப்பதில் தொடங்கி, பெரிய தொட்டிகளில் காற்றூதி ஆழத்தில் வளர்ப்பது வரை இந்த நுட்பம் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெனிசிலினைப் பெருமளவில் தயாரிக்க வேண்டியிருந்தபோது ஃபைசர் கையிலெடுத்தது இந்தத் தொட்டி அனுபவத்தைத்தான். 1944-இல் புரூக்ளினில் தொடங்கிய பெனிசிலின் ஆலையின் பின்னால் புளிப்பு அமிலத்தின் கைப்பழக்கம் இருந்தது.

இன்று உலகில் ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தியாகிறது. பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. சோளம், கரும்பு, சர்க்கரைக் கிழங்கு என எங்கிருந்து வரும் சர்க்கரையும் இதற்கு ஆகும். பூஞ்சையை வடித்து நீக்கிய பின் அமிலத்தைப் பிரிக்கப் பல ஆலைகள் இன்றும் சுண்ணாம்பு, கந்தக அமிலம் என்ற ஷீலேயின் வழியிலேயே போகின்றன. அப்படியானால் பொட்டலத்தில் இருப்பது இயற்கையா, செயற்கையா? உயிரி தயாரித்தது, ஆலையில் பிரித்தது. கிடைக்கும் மூலக்கூறு எலுமிச்சையில் இருப்பதோடு அணுவுக்கு அணு ஒன்று. சாற்றில் இருக்கும் மணம், வைட்டமின், மற்ற நூறு பொருள்கள் மட்டும் இதில் இல்லை. இயற்கையா செயற்கையா என்ற சண்டையில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. எதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்பதே பயனுள்ள கேள்வி.

உணவில்

உற்பத்தியில் பாதிக்கு மேல் பானங்களுக்குப் போகிறது. காரணம் நாக்குதான். இதன் புளிப்பு வாயில் வைத்த உடனே எழும்பி, சீக்கிரம் அடங்கிவிடும். ஆப்பிளின் மாலிக் அமிலம் மெதுவாக எழும்பி நீண்ட நேரம் நிற்கும். புளிப்பு மிட்டாய் செய்பவர்கள் இரண்டையும் கலப்பது இதனால்தான். முதல் நொடியில் முகம் சுளிக்க ஒன்று, சுளித்த முகம் அப்படியே நிற்க இன்னொன்று. புளிப்பு என்பது பி.எச். மட்டும் அல்ல என்பதும் இங்கே தெரியும். ஒரே பி.எச். கொண்ட ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலைவிடச் சிட்ரிக் அமிலக் கரைசல் கூடுதலாகப் புளிக்கும். உமிழ்நீர் கொஞ்சம் அமிலத்தை முறித்தாலும், இன்னும் பிரியாமல் இருக்கும் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் அயனிகளை விட்டுக்கொண்டே இருக்கும்.

ஜாமில் வேலை வேறு. பழத்தின் பெக்டின் இழைகள் ஒன்றையொன்று விலக்கும் மின்சுமை கொண்டவை. பி.எச். 3-ஐ ஒட்டி இறங்கினால்தான் அந்தச் சுமை குறைந்து, சர்க்கரையின் துணையோடு இழைகள் பின்னிக்கொண்டு ஜாம் உறையும். புளிப்பு குறைந்த பழத்தில் ஜாம் எவ்வளவு காய்ச்சியும் கட்டாமல் ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அமிலத்தைத் தொடக்கத்திலேயே போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டாலும் தவறு, பெக்டின் சிதைந்துவிடும். இறக்கும் நேரத்தில் சேர்ப்பதே வழக்கம்.

புட்டியில் அடைத்துப் பாதுகாக்கும் உணவில் இதே அமிலம் உயிர்காப்பதாகிறது. கொடிய நஞ்சைச் சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் சாதாரணக் கொதிநிலையில் சாவதில்லை. ஆனால் பி.எச். 4.6-க்குக் கீழே அவை முளைத்து நஞ்சு சுரக்க முடியாது. தக்காளி இந்தக் கோட்டின் மேலேயே தடுமாறும் பழம். சில ரகங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம், சில அந்தப் பக்கம். அதனால்தான் அமெரிக்க வேளாண்மைத் துறையின் வழிகாட்டிகள், வீட்டில் தக்காளியைப் புட்டியில் அடைப்பவர்கள் ஏறத்தாழ 1 லிட்டர் புட்டிக்கு அரைத் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் சேர்க்கவேண்டும் என்கின்றன. இது சுவைக்கான ஆலோசனை அல்ல, விட்டுவிடக்கூடாத விதி.

இனி உலோகம். நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவது பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியால். அந்த நொதியின் மையத்தில் இருப்பது செம்பு. சிட்ரிக் அமிலம் பி.எச்.சைக் குறைத்து நொதியை மந்தமாக்குகிறது, கூடவே அதன் செம்பிலும் கைவைக்கிறது. சமையல் எண்ணெயில் நடப்பது இன்னும் சுவாரசியம். எண்ணெய் சிக்குவாடை அடிப்பது ஆக்சிஜனால்தான் என்றாலும், அந்த வினையை முடுக்கிவிடுவது ஆலையின் குழாய்களிலிருந்தும் விதையிலிருந்தும் வந்து கலந்திருக்கும் துளி இரும்பும் செம்பும். சுத்திகரிப்பின் முடிவில் கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்தால் அந்த உலோகங்கள் முடங்கும். அந்த அளவில் எந்த நாக்காலும் புளிப்பைக் கண்டுபிடிக்க முடியாது. வைட்டமின் ஈ போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளோடு இதைச் சேர்த்துப் போடுவதும் இதனால்தான். அவை தீயை அணைக்கப் பார்க்கின்றன, இது தீக்குச்சியைப் பிடுங்கிவிடுகிறது.

பாலாடைக்கட்டிக்கு வருவோம். வெறும் பாலாடைக்கட்டியை உருக்கினால் கொழுப்பு தனியே எண்ணெயாகப் பிரிந்து, மிச்சம் ரப்பராகச் சுருளும். அதன் கேசின் புரதங்களைச் சேர்த்துக் கட்டியிருப்பது கால்சியம். சோடியம் சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடுங்கிக்கொண்டு சோடியத்தை அங்கே வைத்துவிடும். கட்டு தளர்ந்த புரதம் கொழுப்புத் துளிகளைச் சுற்றிப் படர்ந்து, பிரியாமல் வழவழவென்று உருகும். 1911-இல் ஸ்விட்சர்லாந்தில் வால்ட்டர் கெர்பரும் ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லரும் இந்த உத்தியால்தான் பதப்படுத்திய பாலாடைக்கட்டியை உருவாக்கினார்கள்.

வீட்டில் எலுமிச்சைக்குப் பதிலாக இதைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. எலுமிச்சைச் சாற்றில் ஏறத்தாழ 5 முதல் 6 சதவீதம் சிட்ரிக் அமிலம். ஒரு தேக்கரண்டித் தூள் சுமார் 5 கிராம் என்று வைத்தால், அது கிட்டத்தட்ட 100 மில்லி சாற்றின் புளிப்பு. கைதவறிக் கொட்டினால் மீட்கவே முடியாது. தூளிலும் இரண்டு வகை உண்டு. நீர் கலவாத தூள் ஒன்று, ஒரு நீர் மூலக்கூறோடு படிகமானது இன்னொன்று. இரண்டாவதில் எடையில் 8 முதல் 9 சதவீதம் வெறும் தண்ணீர். சமையலுக்கு இந்த வித்தியாசம் பொருட்டல்ல, குளியல் குண்டு செய்பவர்களுக்குப் பொருட்டு. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சிட்ரிக் அமிலம் வேறு, வைட்டமின் சி வேறு. வைட்டமின் சி என்பது அஸ்கார்பிக் அமிலம். இரண்டும் எலுமிச்சையில் சேர்ந்திருப்பதால் வந்த குழப்பம் இது. 1747-இல் சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு இணைக்கும் ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஒரு இணைக்கு நீர்த்த கந்தக அமிலம், ஒரு இணைக்கு வினிகர். இரண்டும் நல்ல புளிப்பு, இரண்டாலும் குணமில்லை. ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்றவர்கள் எழுந்து நடமாடினார்கள். புளிப்பு ஸ்கர்விக்கு மருந்தல்ல என்பதற்கான சான்று அந்தச் சோதனையிலேயே இருந்தது. சிட்ரிக் அமிலம் போட்ட பானம் எவ்வளவு புளித்தாலும், அதனால் வைட்டமின் சி வந்துவிடாது.

அழகுப் பொருள்களில்

ஒரு கிரீமின் பட்டியலில் சிட்ரிக் அமிலம் கடைக்கோடியில் இருந்தால், அது பி.எச்.சைச் சரிக்கட்ட வந்த சில துளி என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். நம் தோலின் மேற்பரப்பு பி.எச். 5-ஐ ஒட்டிய மெல்லிய அமிலம். பூசும் பொருளும் அதற்கு அருகில் இருப்பது நல்லது. ஆனால் தயாரிப்பவரின் கவலை அதைவிட நடைமுறையானது: பொருள் கெட்டுப்போகக் கூடாது.

கெடாமல் காக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டை எடுத்துக்கொள்வோம். நுண்ணுயிரின் சவ்வைக் கடந்து உள்ளே போய் வேலை செய்வது பென்சோயேட் அல்ல, பென்சோயிக் அமிலம். கரைசலின் பி.எச். 4.2 என்றால் அதில் பாதி அமில வடிவில் இருக்கும். 5.2 என்றால் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 6.2 என்றால் நூற்றில் ஒன்று. அதாவது அதே அளவு பாதுகாப்புப் பொருளைப் போட்டும், பி.எச். இரண்டு எண் தவறினால் 98 சதவீதம் பலன் வீண். வீட்டிலேயே லோஷன் செய்பவர்கள் பாதுகாப்புப் பொருளைக் கிராம் சுத்தமாக நிறுத்துப் போட்டும் சில வாரத்தில் பூஞ்சை பூத்துவிடுகிறதென்றால், பெரும்பாலும் தவறு அவர்கள் அளந்ததில் இல்லை, அளக்காமல் விட்ட பி.எச்.சில் இருக்கிறது. சிட்ரிக் அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்த்து அளந்து அளந்து இறக்குவதுதான் அதற்கு வழி.

தலைமுடியின் மின்சுமை சமநிலை பெறும் இடம் பி.எச். 3.7-ஐ ஒட்டியது. அதற்கு மேலே போகப் போக இழைகள் எதிர்மின்சுமை ஏறி, செதில்கள் எழும்பி, உரசிச் சிக்காகும். அதனால் கண்டிஷனரின் பி.எச். பெரும்பாலும் 4-ஐ ஒட்டி வைக்கப்படுகிறது. கடினநீரில் குளிப்பவர்களின் முடியில் கால்சியம் படிவது வேறு உண்டு. அங்கே சிட்ரேட்டின் பிடி உதவும். உண்மையைச் சொன்னால், உலோகங்களைப் பிடிப்பதில் ஈ.டி.டி.ஏ. என்ற செயற்கைப் பொருள் இதைவிடப் பலசாலி. ஆனால் அது மண்ணிலும் நீரிலும் மெதுவாகத்தான் சிதையும். சிட்ரேட்டை நுண்ணுயிர்கள் எளிதில் தின்றுவிடும். பாஸ்பேட்டுகள் ஏரிகளில் பாசியைப் பெருக்கியதால் ஒதுக்கப்பட்டபோது, சலவைப் பொருள்களில் சிட்ரேட் இடம்பிடித்ததற்கும் இதுவே காரணம்.

சோப்பில் மட்டும் கதை வேறு. உண்மையான சோப்பின் பி.எச். 9-க்கு மேல். சிட்ரிக் அமிலம் போட்டு அதைத் தோலின் பி.எச்.சுக்கு இறக்கிவிடலாம் என்று நினைத்தால், இறங்குவதற்கு முன் சோப்பே உடைந்து கொழுப்பு அமிலமாகப் பிரியும். ஆனாலும் சோப்பு காய்ச்சுபவர்கள் இதைச் சேர்க்கிறார்கள். பாத்திரத்திலேயே அது சோடியம் சிட்ரேட்டாக மாறி, கடினநீரின் கால்சியத்தைப் பிடித்து, தொட்டியில் படியும் வெள்ளைக் கசடைக் குறைக்கும். அதற்காக 1 கிராம் சிட்ரிக் அமிலத்துக்கு 0.62 கிராம் காஸ்டிக் சோடா கூடுதலாகப் போடவேண்டும். அதை மறந்தால் சோப்பு குழைந்துவிடும்.

அந்தக் குளியல் குண்டு: சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் அழுத்திச் செய்த உருண்டை. உலர்ந்திருக்கும்வரை இரண்டும் பேசாமல் கிடக்கும். நீர் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு பொங்கும். 192 கிராம் நீரற்ற அமிலத்துக்கு 252 கிராம் சோடா சரிக்குச் சரி. நுரைத்துக் கரையும் மாத்திரைகளின் ஏற்பாடும் இதுதான். படிக நீர் கொண்ட வகையை வாங்கிவிட்டால், அல்லது காற்றில் ஈரம் அதிகம் இருந்தால், அச்சிலேயே வினை தொடங்கி உருண்டை உப்பிவிடும்.

ஆல்ஃபா ஹைட்ராக்சி அமிலம் என்ற பெயரில், இறந்த தோல் செல்களை உரிக்கும் பொருளாகவும் சிட்ரிக் அமிலம் விற்கப்படுகிறது. செய்யாதென்று சொல்லமுடியாது. ஆனால் அந்த வேலைக்குக் கிளைக்காலிக் அமிலம் சிறியது, உள்ளே நுழைவதில் கெட்டி. அதன் மூலக்கூறு எடை 76, இதன் எடை 192. இந்த வகை அமிலங்கள் எதைப் பூசினாலும் வெயில் தோலை எளிதில் சுடும் என்பதால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அப்படியோர் எச்சரிக்கை வரியைப் பொட்டலத்தில் இடும்படி பரிந்துரைத்திருக்கிறது.

இதைவிட மோசமான பழக்கம், இயற்கையானது என்ற நம்பிக்கையில் எலுமிச்சையை நேரடியாக முகத்தில் தேய்ப்பது. சாற்றின் பி.எச். 2-ஐ ஒட்டியது என்பது ஒரு பக்கம். எலுமிச்சை வகைப் பழங்களில், அதிலும் தோலில், ஃபுரனோகூமரின் என்ற பொருள்கள் இருக்கின்றன. அவை தோலில் இருக்கும்போது வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால், ஓரிரு நாளில் கொப்புளமும் பிறகு பல வாரம் மாறாத கருந்திட்டும் வரும். இது சிட்ரிக் அமிலத்தின் குற்றம் அல்ல. பி.எச். சரிசெய்த கிரீமில் இருக்கும் ஆலைச் சிட்ரிக் அமிலத்தில் அந்தப் பொருள்கள் கிடையாது. இயற்கை எதிர் செயற்கை என்ற வாதம் இங்கே தலைகீழாகிறது.

பயமும் கவனமும்

1976 வாக்கில் பிரான்சில் ஒரு துண்டுப்பிரசுரம் கைக்குக் கை பரவியது. வில்ஜூயிஃப் மருத்துவமனை வெளியிட்டது என்று பொய்யாகச் சொல்லிக்கொண்ட அது, உணவுச் சேர்க்கைகளைப் பட்டியலிட்டு, எல்லாவற்றிலும் கொடிய புற்றுநோய்க் காரணி இ330 என்று அறிவித்தது. மருத்துவமனை மறுத்தும் ஆண்டுக்கணக்கில் நகலெடுத்துப் பரப்பிக்கொண்டே இருந்தார்கள். ஆசிரியர்களும் மருத்துவர்களும்கூட அதில் உண்டு. அந்த 330-ஐ நம் உடலின் செல்கள் ஒவ்வொரு கணமும் தயாரித்து உடைத்துக்கொண்டே இருக்கின்றன. உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் சுழற்சியின் முதல் விளைபொருளே சிட்ரேட்தான். 1937-இல் ஹான்ஸ் கிரெப்ஸ் அதை விளக்கினார், 1953-இல் நோபல் பரிசு பெற்றார். உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, சிட்ரிக் அமிலத்துக்கு அன்றாட உச்ச வரம்பு எதையும் விதிக்கவில்லை.

2018-இல் வெளியான ஓர் ஆய்வுக் குறிப்பு, ஆலைச் சிட்ரிக் அமிலம் சேர்ந்த உணவுக்குப் பிறகு மூட்டுவலி, வயிற்றுக் கோளாறு போன்றவை வந்ததாகச் சொன்ன நான்கு பேரைப் பதிவுசெய்தது. பூஞ்சையின் மிச்சம் காரணமாக இருக்கலாம் என்பது அதன் ஊகம். நான்கு பேரின் அனுபவம் ஆராயத் தக்கது. அதை வைத்து மட்டும் முடிவு கட்டமுடியாது.

நிரூபணமான கெடுதல் பல்லில் இருக்கிறது. பல்லின் எனாமல் பி.எச். 5.5-க்குக் கீழே கரையத் தொடங்கும். சிட்ரிக் அமிலம் இரண்டு வழியிலும் அடிக்கும்: அமிலமாகக் கரைக்கும், சிட்ரேட்டாகக் கால்சியத்தையும் பிடுங்கும். சர்க்கரை இல்லாத பானம் என்பதால் பல்லுக்குக் கெடுதல் இல்லை என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஒரே மூச்சில் குடிப்பதைவிட ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருப்பது மோசம். குடித்த கையோடு பல் துலக்குவது அதைவிட மோசம், இளகிய எனாமலைத் தூரிகை தேய்த்து எடுத்துவிடும். வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரைமணி நேரமாவது பொறுப்பது நல்லது.

தூளைக் கையாளும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், பட்டால் எரிச்சல் கடுமையாக இருக்கும். குளோரின் சேர்ந்த வெளுப்பானோடு ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சான குளோரின் வாயு கிளம்பும். சலவைக்கல் தரையில் பட்டால் பளபளப்புப் போய்விடும், அந்தக் கல்லே கால்சியம் கார்பனேட்தான். வெந்நீர்க் கெண்டியில் படிந்த உப்புக் கறையை நீக்க இது மிகவும் நல்லது. ஆனால் அவசரப்பட்டு அமிலக் கரைசலைத் தளதளவென்று கொதிக்கவிடாதீர்கள். கால்சியம் சிட்ரேட் வெந்நீரைவிடக் குளிர்ந்த நீரில் கூடுதலாகக் கரையும். கொதிக்கவைத்தால் கரைந்த கால்சியம் வெள்ளை வண்டலாகத் திரும்பவும் பாத்திரத்திலேயே படியும். ஷீலே சூடான சாற்றில் சுண்ணாம்பைப் போட்டது அந்த வண்டலுக்காகத்தான். கெண்டிக்கு வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.